நியூட்ரானா, காமாக் கதிரா?
கண்ணுக்குப் புலப்படாத இரண்டைப் பிரித்தறியும் வகை

(செந்தூல், தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் எழுதுவது)

தோட்டத்து ஸ்டோரில் அடுக்கி வைத்திருக்கும் உர மூட்டைகளைப் பாராத பிள்ளை என் பள்ளியில் இல்லை. செம்பனைக்கும் பால்மரத்துக்கும் இடும் உரங்களுள் ஒன்று பொட்டாசிய உரம். தோட்டத்தில் அதனை 'எம்.ஓ.பி.' என்று சொல்வார்கள். அந்த மூட்டையிலிருந்து இரவு பகல் ஓய்வின்றிக் காமாக் கதிர்கள் புறப்பட்டுக்கொண்டே இருக்கின்றன என்று நான் வகுப்பில் சொன்னபோது மாணாக்கர் சிரித்தனர். ஆயினும் அஃது உண்மையே.

உலகிலுள்ள பொட்டாசியம் அனைத்திலும், பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு, பொட்டாசியம்-40 என்னும் கதிரியக்க வகையாகும். அதன் அரைவாழ்வு 125 கோடி ஆண்டு. ஐம்பது கிலோ உர மூட்டை ஒன்றில் நொடிக்குச் சுமார் ஏழரை லட்சம் அணுக்கள் சிதைகின்றன. அவற்றுள் பத்தில் ஒரு பங்களவே காமாக் கதிரை வெளியிடுவன. அப்படிப் பார்த்தாலும் நொடிக்கு எண்பதாயிரம் ஆகிறது! இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. நம் உடம்பிலும் பொட்டாசியம் உண்டு. வளர்ந்த மனிதன் ஒருவனுக்குள்ளேயே நொடிக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொட்டாசிய அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன.

இவ்வுரம் கப்பலில் வருவது. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு, கொள்கலன்களில் ஏற்றப்பட்டு லோரிகளில் வெளியேறும். அணு ஆயுதப் பொருள்கள் கள்ளத்தனமாகக் கடத்தப்படுவதைத் தடுக்க, கிள்ளான் துறைமுகத்திலும் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்திலும் கதிர் உணரும் வாயில்களை அமைப்பதற்கு மலேசியா 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவுடன் உடன்பாடு செய்துகொண்டது. இத்தகைய வாயிலின் இருபுறமும் உயர்ந்த தூண்கள் நிற்கும். லோரி அவற்றின் ஊடே மெல்லச் செல்லும். சரக்கிலிருந்து கதிர் வந்தால் மணி அடிக்கும்.

பொட்டாசிய உரம் ஏற்றிய லோரி சென்றாலும் மணி அடிக்கலாம். பீங்கான் ஓடு, கருங்கல் பலகை ஏற்றியது சென்றாலும் அடிக்கலாம். மணி அடித்த ஒவ்வொரு லோரியையும் நிறுத்திப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் துறைமுகம் இயங்காது. 'உரமாகத்தான் இருக்கும்' என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டால் வாயில் வைத்ததன் பயன் போயிற்று. என்ன செய்வது?

இங்கேதான் நியூட்ரான் துணைக்கு வருகிறது. உரமும் ஓடும் கல்லும் காமாக் கதிரை வெளியிடுமேயன்றி நியூட்ரானைக் குறிப்பிடத்தக்க அளவில் வெளியிடுவதில்லை. புளூட்டோனியமோ வெளியிடுகிறது. புளூட்டோனியம்-240 ஒரு கிராம் இருந்தால், தானே பிளந்து நொடிக்குச் சுமார் ஆயிரம் நியூட்ரான்களை உமிழும். ஆகவே, 'வந்தது காமாவா, நியூட்ரானா?' என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைத்துவிட்டால் உர லோரி எது, ஆபத்தான லோரி எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அவ்விடையை அறிஞர் எவ்வாறு காண்கின்றனர் என்பதை ஈண்டு விளக்க முயல்கிறேன்.

இரண்டும் யாவை?

காமாக் கதிர் என்பது ஒளியின் இனத்தைச் சேர்ந்தது. நாம் காணும் ஒளியைவிடப் பல லட்சம் மடங்கு ஆற்றல் மிக்கது. அதற்கு எடை இல்லை, மின்னேற்றமும் இல்லை. ஒளியின் வேகத்திலேயே செல்லும்.

நியூட்ரான் என்பது ஒரு துகள். அணுவின் கருவிலே புரோட்டானோடு சேர்ந்து குடியிருப்பது. ஏறத்தாழப் புரோட்டானின் எடையே உடையது. புரோட்டானுக்கு மின்னேற்றம் உண்டு, இதற்கு இல்லை. கருவை விட்டு வெளிவந்த நியூட்ரான் சராசரி கால் மணி நேரம் வாழும். அதற்குள் பெரும்பாலும் வேறோர் அணுக்கரு அதனை விழுங்கிவிடும்.

இவ்விரண்டுக்கும் பொதுவான தன்மை மின்னேற்றம் இன்மை. நம் கருவிகள் யாவும் மின்னேற்றம் உடையவற்றையே உணர வல்லவை. ஆதலின் காமாவையோ நியூட்ரானையோ எந்தக் கருவியும் நேரே காண்பதில்லை. அவை கருவிக்குள் நுழைந்து, அங்குள்ள மின்னேற்றமுடைய துகள் ஒன்றை இடித்துத் தள்ளும்போது, தள்ளப்பட்டதையே கருவி காண்கிறது. இரவில் தோட்டத்துக்குள் புகுந்தது யானையா, காட்டுப்பன்றியா என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? காலையில் சென்று, முறிந்து கிடப்பது மரமா, கிளறிக் கிடப்பது மண்ணா என்று பார்க்கிறோம் அன்றோ? அதுபோலத்தான்.

காமாக் கதிர் பெரும்பாலும் எலெக்ட்ரானைத் தள்ளும். நியூட்ரானோ எலெக்ட்ரானைப் பொருட்படுத்தாது, அணுக்கருவையே இடிக்கும். எலெக்ட்ரான் மிக இலேசானது. கருக்களுள் மிகச் சிறியதாகிய ஹைட்ரஜன் கருவே எலெக்ட்ரானைப்போல் 1,836 மடங்கு எடையுள்ளது. இனி வரும் முறைகள் பெரும்பாலும் இந்த ஒரு வேற்றுமையின் மேல் நிற்பன என்பதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

பெயர் மாறிப்போன கதிர்

நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறே அதனைக் காமாவிலிருந்து பிரித்தறிந்த வரலாறுதான். 1930-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் போத்தே, பெக்கர் என்னும் இருவர், பெரிலியம் என்னும் இலேசான உலோகத்தின் மேல் ஆல்பாத் துகள்களை மோதவிட்டனர். அதிலிருந்து புதியதொரு கதிர் புறப்பட்டது. தடித்த ஈயத்தையும் அது ஊடுருவிச் சென்றது. மின்னேற்றம் இல்லை. அக்காலத்தில் அப்படிப்பட்ட கதிர் ஒன்றே அறியப்பட்டிருந்தது. எனவே அதனைக் காமா என்றனர்.

1932-ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸ் நகரில் ஐரீன் கியூரியும் அவர் கணவர் பிரெடெரிக் ஜோலியோவும் அக்கதிரைப் பாராபின் மெழுகின் மேல் செலுத்தினர். மெழுகில் ஹைட்ரஜன் மிகுதி. அதிலிருந்து புரோட்டான்கள் விசையோடு பாய்ந்து வந்தன. அரியதொரு காட்சியை அவர்கள் கண்டுவிட்டனர். ஆயினும் பழைய பெயரை விடவில்லை. மிகுந்த ஆற்றலுடைய காமாக் கதிரே புரோட்டானைத் தள்ளியது என்று எழுதினர்.

அந்தக் கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் படித்தவர் ஜேம்ஸ் சாட்விக். அவருடைய ஆசான் ரதர்போர்டு அந்த விளக்கத்தை நம்ப மறுத்தார். சாட்விக் சில வாரங்களே இரவும் பகலும் உழைத்து, அக்கதிரை ஹைட்ரஜன்மேல் மட்டுமன்றி நைட்ரஜன் முதலிய பிற பொருள்களின்மேலும் செலுத்தி, எது எவ்வளவு வேகத்தில் தெறிக்கிறது என்று அளந்தார். இங்கே அவருடைய கணக்கைச் சற்றுப் பார்ப்போம். நம் எட்டாம் வகுப்புக் கணிதமே இதற்குப் போதும்.

முதலில் காமா என்றே கொள்வோம். புரோட்டானுக்குக் கிடைத்த ஆற்றல் 5.7 மெகா எலெக்ட்ரான் வோல்ட். எடையற்ற காமா, எடையுள்ள புரோட்டானை இவ்வளவு விசையோடு தள்ள வேண்டுமாயின் அக்காமாவுக்கு ஏறத்தாழ 55 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்க வேண்டும். நைட்ரஜன் தெறித்த விசையைக் கொண்டு கணக்கிட்டாலோ 90 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும் என்று வருகிறது. ஒரே கதிருக்கு இரண்டு ஆற்றல் எப்படி இருக்கும்? தவிரவும், ஐந்து வெள்ளி கொடுத்தவனிடமிருந்து ஐம்பது வெள்ளி திரும்புமா? மோதிய ஆல்பாத் துகளின் ஆற்றலே ஐந்து மெகா எலெக்ட்ரான் வோல்ட் அளவுதான். ஆகவே காமா என்ற கொள்கை இரண்டு வழியிலும் முறிகிறது.

இனித் துகள் என்று கொள்வோம். கோலி விளையாடிய எவனுக்கும் தெரியும்: சம எடையுள்ள கோலியை நேரே அடித்தால் அடித்த கோலி நின்றுவிடும், அடிபட்டது முழு வேகத்தோடு ஓடும். கனமான குண்டை அடித்தால் அது சற்றே அசையும். சாட்விக் கண்ட அளவுகளின்படி ஹைட்ரஜன் கருவின் மிகுந்த வேகம் நொடிக்கு 33,000 கிலோமீட்டர். நைட்ரஜன் கருவின் வேகம் நொடிக்கு 4,700 கிலோமீட்டர். முன்னது பின்னதைப்போல் ஏழு மடங்கு. நைட்ரஜனின் எடை 14, ஹைட்ரஜனின் எடை 1. வந்து மோதிய துகளின் எடையை 'எ' என்று கொண்டால், மோதல் விதிப்படி (14 + எ) என்பதை (1 + எ) என்பதால் வகுத்த ஈவு 7 ஆதல் வேண்டும். கணக்கைப் போட்டால் 'எ' ஏறத்தாழ 1.16 என்று வருகிறது. அளவையில் நேரக்கூடிய பிழையையும் சேர்த்துப் பார்த்தால், வந்த துகள் புரோட்டானுக்கு நிகரான எடையுடையது என்பது தெளிவு. எல்லா அளவுகளும் ஒன்றோடொன்று பொருந்தின.

1932 பிப்ரவரி 27-ஆம் தேதி 'நேச்சர்' இதழில் இச்செய்தி வெளிவந்தது. 1935-இல் சாட்விக்குக்குப் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. ஜோலியோ கியூரி தம்பதியர் அதே ஆண்டில் வேறொரு கண்டுபிடிப்புக்காக இரசாயனப் பரிசைப் பெற்றனர். கண்ணெதிரே வந்த நியூட்ரானை மட்டும் காமா என்றெண்ணி விட்டுவிட்டனர்.

தடுப்புச் சுவர் சொல்லும் சாட்சி

பிரித்தறியும் முறைகளுள் மிக எளியது, குறுக்கே ஒரு பொருளை வைத்துப் பார்ப்பது. ஈயத்தில் எலெக்ட்ரான்கள் நெருக்கமாக உள்ளன; ஆகவே அது காமாவை நன்கு தடுக்கும். நியூட்ரானுக்கு ஈயக்கரு ஒரு பெரிய பாறை. அதன்மேல் மோதிய நியூட்ரான் தன் ஆற்றலில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இழவாமல் தெறித்துப் போகும். வேகமான நியூட்ரான் ஒன்றை ஹைட்ரஜனைக் கொண்டு நன்றாகத் தணிக்கச் சராசரி 18 மோதல் போதும். ஈயத்தில் 1,800-க்கு மேற்பட்ட மோதல்கள் வேண்டும். எனவே தண்ணீர், மெழுகு, பாலிதீன் போன்ற ஹைட்ரஜன் மிகுந்த பொருள்களே நியூட்ரானைத் தணிப்பவை. தணிந்தவற்றை விழுங்கப் போரானோ காட்மியமோ உதவும்.

இது நூலறிவு மட்டுமன்று, உயிர் காக்கும் அறிவு. சாலை போடும் இடங்களில் மண்ணின் இறுக்கத்தையும் ஈரத்தையும் அளக்க ஒரு கருவியைத் தரையில் வைப்பார்கள். அதில் காமா மூலம் ஒன்றும் நியூட்ரான் மூலம் ஒன்றும் இருப்பதுண்டு. இறுக்கத்தைக் காமா சொல்லும். ஈரத்தை நியூட்ரான் சொல்லும். ஈர மண்ணில் தண்ணீர் இருப்பதால், அதிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரானைத் தணித்துத் திருப்பி அனுப்புகிறது. இத்தகைய கருவியைக் கையாளும் தொழிலாளி ஈயப்பெட்டிக்குப் பின்னால் நின்றால் காமாவிலிருந்து தப்பலாம். நியூட்ரானிலிருந்து தப்ப இயலாது. கதிர் எதுவென்று அறியாதவனுக்கு எந்தச் சுவர் காக்கும் என்பதும் தெரியாது.

உடம்புக்கு நேரும் தீங்கிலும் இரண்டும் ஒன்றல்ல. உடம்பு ஏற்கும் ஆற்றல் ஒரே அளவாக இருந்தாலும், காமாவின் தீங்கை 1 என்று வைத்தால் நியூட்ரானின் தீங்கு, அதன் வேகத்துக்கேற்ப, இரண்டரை முதல் இருபது மடங்கு வரை ஆகும் என்பது பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்புக் குழுவின் மதிப்பீடு. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகக் காட்டும் கருவியை நம்பி வேலை செய்வது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

சிறு துடிப்பும் பெருந் துடிப்பும்

இரண்டாம் முறை, காமாவை ஏறத்தாழப் பொருட்படுத்தாத கருவியைச் செய்வது. ஹீலியம்-3 என்னும் அரிய வாயுவைக் குழாயில் அடைத்து, அதனைச் சுற்றிப் பாலிதீன் கட்டைகளை வைக்கின்றனர். பாலிதீனில் தணிந்த நியூட்ரானை ஹீலியம்-3 கரு விழுங்கி இரண்டாக உடைகிறது. அப்போது 764 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்பட்டுப் பெரிய மின் துடிப்பு ஒன்று எழுகிறது. காமாக் கதிர் தள்ளும் எலெக்ட்ரானோ, வாயு மிக மெலிதாயிருப்பதால், தன் ஆற்றலில் சிறிதளவையே அங்கு விட்டுச் செல்லும். துடிப்பும் சிறிதாகவே இருக்கும். 'இவ்வளவுக்குக் கீழ்ப்பட்ட துடிப்பை எண்ணாதே' என்று வரம்பு கட்டிவிட்டால், எண்ணப்படுவன பெரும்பாலும் நியூட்ரான்களே. போரான் கலந்த வாயுவைக் கொண்டும் இவ்வாறே செய்யலாம்.

துறைமுக வாயில்களில் நெடுங்காலம் பயன்பட்டது இம்முறையே. ஒரு தூணிலேயே காமாவுக்குப் பிளாஸ்டிக் பலகையும் நியூட்ரானுக்கு ஹீலியக் குழாயும் தனித்தனியாக இருக்கும். ஆனால் ஹீலியம்-3 பூமியில் மிகமிகக் குறைவு. அணு ஆயுதங்களுக்காகச் செய்த டிரிட்டியம் என்னும் பொருள் சிதைவதால் கிடைப்பதே அதன் முக்கிய வரவு. ஆயுத உற்பத்தி சுருங்கியதால் வரவு குறைந்தது. வாயில்கள் பெருகியதால் செலவு கூடியது. 2008, 2009-ஆம் ஆண்டுகளில் பெரும் தட்டுப்பாடு வெளிப்பட்டது. ஆகவே மாற்று முறைகளை உலகம் நாட வேண்டியதாயிற்று.

பட்டறைச் சுத்தியலும் ஒளியின் வாலும்

மூன்றாம் முறையே இன்று அறிஞர் மிகவும் போற்றுவது. அதனை விளக்கச் செந்தூலுக்கு வருகிறேன். ஒரு காலத்தில் செந்தூல் என்றாலே ரயில் பட்டறைதான். என் தகப்பனார் அங்கே வேலை செய்தவர். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் வழக்கத்தை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்ல சக்கரம் மணிபோல் ஒலித்து, ஒலி மெல்லமெல்ல அடங்கும். விரிசல் கண்ட சக்கரம் 'டொக்' என்று உடனே அடங்கிவிடும். தட்டியபோது எழுந்த ஓசை எவ்வளவு பெரிது என்பதை மட்டும் கேட்பவன் ஏமாறுவான். அது எவ்வாறு அடங்குகிறது என்பதைக் கேட்பவனே தொழில் தெரிந்தவன்.

ஸ்டில்பீன் என்னும் படிகம் ஒன்று உண்டு. மின்னேற்றமுள்ள துகள் அதனுள் பாய்ந்தால் கணப்பொழுது பளிச்சென்று ஒளிவிடும். எலெக்ட்ரான் பாய்ந்தாலும் ஒளிவிடும். புரோட்டான் பாய்ந்தாலும் ஒளிவிடும். ஆனால் ஒளி அடங்கும் விதம் வேறு. எலெக்ட்ரான் எழுப்பிய ஒளி பெரும்பாலும் நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்திலேயே அடங்கிவிடும். புரோட்டான் எழுப்பிய ஒளிக்கோ நீண்ட வால் உண்டு. அது பல நூறு பங்கு நேரம் வரை மங்கலாகத் தொடரும். எலெக்ட்ரான் வந்தது என்றால் தள்ளியது காமா. புரோட்டான் வந்தது என்றால் தள்ளியது நியூட்ரான். ஒளியின் வாலை அளந்தால் வந்தவர் யாரென்று தெரிந்துவிடும். இவ்வேற்றுமையை மின்சுற்றுக்களால் பிரித்துக் காட்டும் கருவியை எப். டி. புரூக்ஸ் என்பவர் 1959-இல் விவரித்து எழுதினார். இன்றுள்ள கருவிகள் அவ்வழியில் வளர்ந்தவையே.

வால் நீள்வது ஏன்? ஒரு மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய எலெக்ட்ரான் தண்ணீர் போன்ற பொருளில் நான்கு மில்லிமீட்டர் அளவு ஓடும். அதே ஆற்றலுடைய புரோட்டானோ ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் இரண்டு பங்கு தூரத்திலேயே நின்றுவிடும். ஆற்றல் ஒன்றுதான், ஒன்று நெடுவழியில் தூவிச் செல்கிறது, மற்றொன்று ஓரிடத்தில் கொட்டிவிடுகிறது. இவ்வாற்றலை ஏற்ற படிக மூலக்கூறுகளுள் சில உடனே ஒளிவிடும். வேறு சில, ஆற்றலைப் பெற்றும் ஒளிவிட இயலாமல் உறங்குவதுபோன்ற நிலையில் தங்கிவிடும். அப்படித் தங்கிய இரண்டு ஒன்றையொன்று சந்தித்தால், ஒன்றின் ஆற்றல் மற்றொன்றோடு சேர, அது தாமதமாக ஒளிவிடும். தைப்பூச நாளில் பத்துமலைப் படிக்கட்டில் தெரிந்தவர் முகம் அடிக்கடி எதிர்ப்படும். ஆளற்ற தோட்டப் பாதையில் எதிர்ப்படுமா? புரோட்டான் சென்ற நெருக்கமான தடத்தில் இச்சந்திப்புக்கள் மிகுதி. அதனால் தாமத ஒளியும் மிகுதி. எலெக்ட்ரான் சென்ற தடத்தில் அவை குறைவு. நெருக்கடியில் உடனடி ஒளி ஓரளவு அவிந்துபோவதால், புரோட்டானின் மொத்த ஒளியில் வாலின் பங்கு மேலும் கூடித் தோன்றும்.

அளப்பது எப்படி? ஒவ்வொரு பளிச்சொளியும் மின் துடிப்பாக மாற்றப்படுகிறது. கருவி அதனை இருமுறை கூட்டுகிறது: தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு கூட்டல், உச்சி கடந்து சிறிது நேரத்துக்குப் பின் வரும் வாலுக்கு மட்டும் ஒரு கூட்டல். வாலை மொத்தத்தால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். விளக்கத்திற்காக மொத்தம் 100 என்று கொள்வோம். ஒரு துடிப்பில் வால் 10, மற்றொன்றில் 20 என்றால் முன்னது காமா, பின்னது நியூட்ரான். ஆயிரக்கணக்கான துடிப்புக்களை இவ்வாறு வகுத்துத் தாளில் புள்ளியிட்டால், புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கும். இரு கூட்டங்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரிதாகவும் ஒவ்வொரு கூட்டத்தின் அகலமும் சிறிதாகவும் இருந்தால் கருவி நல்லது என்க.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஆற்றல் குறைந்த துடிப்பில் ஒளியே சில துளிதான்; அதில் வால் எது, தலை எது என்று துணிய முடியாது; இரண்டு கூட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். மேலும், இரண்டு காமாக் கதிர்கள் அடுத்தடுத்து விரைந்து வந்தால், இரண்டாவதன் ஒளி முதலாவதன் வால்போல் தோன்றி, நியூட்ரான் என்று ஏமாற்றும். காமா மிகுந்த இடத்தில் இப்போலி நியூட்ரான்களை விலக்குவதே பெரிய வேலை. ஸ்டில்பீன் படிகத்தைப் பெரிதாக வளர்ப்பதும் அரிது. சில திரவங்கள் இப்பண்பை உடையவை; ஆயினும் அவற்றுள் எளிதில் தீப்பற்றுபவை உண்டு. சாதாரணப் பிளாஸ்டிக் பலகைக்கு இப்பண்பு போதாது. 2012-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தினர், நன்கு பிரித்துக் காட்டும் பிளாஸ்டிக் ஒன்றைச் செய்யும் வகையை வெளியிட்டனர். ஒரே பலகை இரண்டையும் உணர்ந்து, இரண்டையும் பிரித்துச் சொல்ல இது வழி திறந்தது.

ஆய்வுக்கூடங்களில் நான்காம் முறை ஒன்றும் உண்டு. அஃது ஓட்டப் பந்தயம். நூறு கோடியில் ஒரு பங்கு நொடியில் காமா 30 சென்டிமீட்டர் செல்லும். இரண்டு மெகா எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் இரண்டு சென்டிமீட்டரே செல்லும். புறப்பட்ட நேரம் தெரிந்தால், ஒரு மீட்டருக்கு அப்பால் முன்னே வந்து சேர்ந்தது காமா, பின்னே வந்தது நியூட்ரான் என்று சொல்லிவிடலாம். புறப்பட்ட நேரம் தெரியாத லோரிச் சரக்குக்கு இது பெரும்பாலும் உதவாது.

தோக்காய்முரா கற்பித்த பாடம்

பிரித்தறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதை ஜப்பானில் நடந்த விபத்து ஒன்று உலகுக்குக் காட்டியது. 1999 செப்டம்பர் 30-ஆம் தேதி காலை, தோக்காய்முரா என்னும் ஊரிலிருந்த எரிபொருள் தொழிற்சாலையில், தொழிலாளர்கள் யுரேனியக் கரைசலை அளவுக்கு மிஞ்சி ஒரே தொட்டியில் ஊற்றினர். தொடர்வினை மூண்டது. காமா அபாயமணிகள் அடித்தன. காமா அளவு உயர்ந்திருக்கிறது என்றால் இருவகையாகப் பொருள் கொள்ளலாம்: வினை ஒருமுறை மூண்டு அவிந்து, எஞ்சிய பொருள்கள் காமாவை வெளியிடுகின்றன எனலாம், அல்லது வினை இன்னும் நடக்கிறது எனலாம். எஞ்சிய பொருள்களிலிருந்து நியூட்ரான் தொடர்ந்து அவ்வளவாக வாராது. வினை நடந்தால் வரும். அன்று மாலையில் நியூட்ரானை அளந்தபோது, தொட்டிக்குள் வினை அவியாமல் நடந்துகொண்டிருப்பது உறுதிப்பட்டது. அது ஏறத்தாழ இருபது மணி நேரம் நீடித்தது. தொட்டியைச் சூழ்ந்திருந்த தண்ணீர் நியூட்ரான்களை உள்ளே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அத்தண்ணீரை வடித்த பிறகே வினை நின்றது. தொழிலாளருள் இருவர் பின்னர் உயிர் நீத்தனர்.

நம் அருகே

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பன என்று எண்ண வேண்டாம். கோலாலம்பூருக்குத் தெற்கே பாங்கியில், மலேசிய அணுவியல் நிறுவனத்தின் ஆராய்ச்சி உலை 1982 ஜூன் 28-ஆம் தேதி முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் ஒரு மெகாவாட். தமிழகத்துக் கல்பாக்கத்தில் 'காமினி' என்னும் சிற்றுலை 1996 முதல் உண்டு. அதன் ஆற்றல் 30 கிலோவாட். இத்தகைய உலைகளின் நியூட்ரான்களைக் கொண்டு பொருள்களின் உட்புறத்தைப் படமெடுக்கின்றனர். எக்ஸ் கதிர் உலோகத்தை நன்கு காட்டும்; நியூட்ரானோ உலோகத்துக்குள் இருக்கும் மெழுகு, நீர், வெடிமருந்து போன்றவற்றைக் காட்டும். உலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றையோடு காமாவும் கலந்தே வரும். ஆகவே அங்கும் பிரித்தறிதலே முதல் வேலை.

காமாவை மட்டும் வெளியிடும் மூலங்களும் ஆபத்தானவையே என்பதை மறக்கலாகாது. 2018 ஆகஸ்டு 10-ஆம் தேதி, சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட 23 கிலோ எடையுள்ள கதிர்ப்படக் கருவி ஒன்று வழியில் காணாமற்போய் நாட்டையே பதறவைத்தது. அதிலிருந்தது இரிடியம்-192. அதன் அரைவாழ்வு 74 நாள். இரண்டு ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அஃது உமிழ்வது காமாவேயன்றி நியூட்ரான் அன்று. நியூட்ரான் கருவி மட்டும் வைத்துத் தேடுபவன் அதன் அருகிலேயே நின்றும் காணமாட்டான். 2010-ஆம் ஆண்டில் டில்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்கு வந்த கோபால்ட்-60 மூலத்தால் ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றனர். பழைய இரும்பு வாங்கி விற்கும் தொழிலில் நம்மவரும் இருக்கின்றனர். மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ்க் குறி பொறித்த பெட்டியையோ, சிறிதாயிருந்தும் மிகக் கனக்கும் உலோகக் கூட்டையோ கண்டால் தொடாதீர்கள், உடைக்காதீர்கள். விலகி நின்று போலீசுக்குத் தெரிவியுங்கள். இதனை என் மாணாக்கரிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வருகிறேன்.

ஆகவே காமாக் கருவியும் வேண்டும், நியூட்ரான் கருவியும் வேண்டும். இரண்டின் சொல்லையும் சேர்த்துப் பார்க்கும் அறிவும் வேண்டும். காமா மட்டும் பேசினால் அஃது உரமாகவும் இருக்கலாம், காணாமற்போன மூலமாகவும் இருக்கலாம். காமாவின் ஆற்றலை அளந்து எந்தப் பொருள் என்று துணிய வேண்டும். பொட்டாசியத்தின் காமாவுக்கு 1.46 மெகா எலெக்ட்ரான் வோல்ட் என்னும் தனி அடையாளம் உண்டு. நியூட்ரான் பேசினால் லோரியை நிறுத்தியே ஆகவேண்டும். அதுவும் உடனே குற்றம் என்று பொருளாகாது. மண்ணின் ஈரம் அளக்கும் கருவியை முறையான உரிமத்தோடு ஏற்றிச் செல்பவராகவும் இருக்கலாம்.

ஜோலியோ கியூரி தம்பதியர் அறிவிற் சிறந்தவர்கள். அவர்கள் கருவியும் பழுதற்றது. தெரிந்த பெயர் ஒன்று கையில் இருந்ததால் அதனையே வந்த பொருளுக்குச் சூட்டினர். சாட்விக்கோ அப்பெயர் எல்லா அளவுகளுக்கும் பொருந்துகிறதா என்று கேட்டார். வகுப்பில் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால் 'மந்தம்' என்றும், துள்ளினால் 'முரடு' என்றும் பெயர் சூட்டிவிடுவது ஆசிரியராகிய எங்களுக்கும் எளிது. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் இக்கதையை யாரேனும் எனக்குச் சொல்லியிருந்தால், சில பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருப்பேன்.